மோட்டார் மாற்றும் கை

பிள்ளைச்சாவடியில் இரும்புக்கு ஆயுசு குறைவு. புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டுப் பக்கம், கடலை ஒட்டிய மீனவர் ஊர். அலை கரையை அரிக்கிறது; உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரிக்கிறது. அங்கே ஒரு தென்னந்தோப்பில், சக்கரம் வைத்த மர அறுவை மிஷினுக்கு மோட்டார் மாற்றியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நல்ல கைவேலையைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் தவறவிடக்கூடாத வேலை அது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மிஷினின் அருமை புரியும். லாரி நுழையாத தோப்பிலிருந்து அடிமரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாது. மில்தான் மரத்திடம் வரவேண்டும். இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடும் நாடா ரம்பம். பிளேடு ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அதனால் தூளாகப் போகும் மரமும் குறைவு. இந்த ரம்பத்துக்கு 1808-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார் வில்லியம் நியூபெரி. ஆனால் நாடாவின் இரு முனைகளையும் அறுந்துபோகாமல் பற்றவைக்கும் வழி தெரியாமல் அது முடங்கிக் கிடந்தது. 1846-ல் வழி கண்டவர் கிரெப்பேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் அவர் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

தோப்பில் நின்றது அமெரிக்க அளவில் கட்டிய மிஷின். மோட்டார் மாற்ற வந்த மேஸ்திரி முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, நீள ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். நிறுத்திவிட்டு ஷாஃப்டை இரண்டு விரலால் மேலும் கீழும் அசைத்தார். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தது. “காயில்னா ரீவைண்டிங் பண்ணிடலாம் தம்பி. இதுல ஷாஃப்டே போச்சு” என்றார். விசிறி மூடியைக் கழற்றினால், குளிர்விக்கும் வரிகளுக்கு இடையில் மரத்தூள் உப்பு ஈரத்தோடு கட்டிதட்டிக் கிடந்தது. காற்று போக வழியே இல்லை.

பழைய மோட்டாரின் பெயர்த் தகட்டில் 60 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50. நிமிடத்துக்கு 1,750 சுற்ற வேண்டியது இங்கே 1,450-தான் சுற்றும். அதன் விசிறியும் அதே அளவுக்கு மந்தமாகும், சூடு ஏறும். பிளேடும் வேகம் குறைந்துதான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. மேஸ்திரி சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார். ஆறுக்கு ஐந்து என்றால், 5 அங்குல புல்லி இருந்த இடத்தில் 6 அங்குல புல்லி. இந்தக் கணக்கில் இருக்கும் அழகை நான் வெகுநேரம் ரசித்தேன். மிஷின் கட்டியவன் நினைத்த வேகம், ஒரு புல்லியில் திரும்பி வந்துவிட்டது.

புது மோட்டாரும் 10 குதிரைசக்திதான், ஆனால் நம் அளவு. ஷாஃப்ட் 38 மில்லிமீட்டர். பழையதோ ஒன்றரை அங்குலம்கூட இல்லை, ஒன்றும் எட்டில் மூன்றும், அதாவது 35-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே புதுப் புல்லியின் துளையை லேத்தில் 38-க்குக் கடைந்து கொண்டுவந்திருந்தார். அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தால் அரை நிமிட வேலை. அவர் அடிக்கவில்லை. அடியின் அதிர்ச்சி புதுப் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் பாதையில் தழும்பு போட்டுவிடும். மோட்டார் பிறந்த அன்றே அதன் சாவுக்கு நாள் குறித்துவிடும். எண்ணெய் தடவி, ஷாஃப்ட் முனைத் துளையில் போல்ட் போட்டு, திருகித் திருகி இழுத்து உட்காரவைத்தார்.

அடுத்து நூல். இரண்டு புல்லிகளின் முகத்தையும் குறுக்காகத் தொடும்படி மீன்வலை நூலை இழுத்துப் பிடித்தார். பெரிய புல்லியில் இரண்டு இடம், சின்னதில் இரண்டு இடம், நான்கிலும் நூல் ஒருசேரத் தொடவேண்டும். மூன்று தொட்டன. நாலாவதில் ஒரு முடி நுழையும் வெளிச்சம். மோட்டாரின் ஒரு காலுக்கடியில் மெல்லிய தகட்டைச் செருகி, போல்ட்டை முடுக்கி, மறுபடி நூல். தகட்டை எடுத்து அதைவிட மெல்லியதை வைத்தார். வெளிச்சம் மறைந்தது. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது ஜீவா நூலை நகர்த்தும் விரலை நினைத்துக்கொண்டேன்.

கழற்றிய புல்லியை என்னிடம் காட்டினார். காடியின் அடிப்பாகம் கண்ணாடிபோல் மின்னியது. “பெல்ட்டு பக்கவாட்டுலதான் கவ்வணும். அடி பளபளன்னு இருந்தா வழுக்கியிருக்குன்னு அர்த்தம்.”

பெல்ட் மாட்டுமுன் மோட்டாரை ஒரு நொடி தனியாகத் தட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் சுற்றியது. மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றினார், சரியாயிற்று. பெல்ட் ஏறியதும் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தார். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாறியபோது விளக்கு லேசாக மங்கி நிமிர்ந்தது. டங் டெஸ்டரை மூன்று வயரிலும் மாறி மாறிக் கவ்வவிட்டார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர்.

புயலில் சாய்ந்த பூவரச மரத்தடி ஒன்றை ஏற்றினார்கள். மிஷின் தள்ளுகிறவர் வழக்கமான பலத்தைக் கொடுக்கப்போக, மேஸ்திரி கையமர்த்தினார். “தள்ளாதீங்க அண்ணே, அதுவே போவும்.” போயிற்று. முதல் பலகையைப் புரட்டிப் பார்த்தேன். முன்பு அறுத்து அடுக்கியிருந்த பலகைகளில் விரல் வைத்தால் அலை அலையாக மேடு தட்டும். இதில் உள்ளங்கை தடையில்லாமல் வழுக்கிப் போயிற்று. பூவரசின் சாக்லேட் நிற வைரத்தில் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன.

எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரி மிஷினை நிறுத்தச் சொன்னார். புது பெல்ட் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். கட்டைவிரலால் மறுபடி அழுத்திப் பார்த்து, இறுக்கும் போல்ட்டை அரைச் சுற்று முடுக்கி, நூலை மீண்டும் கையில் எடுத்தார்.