வலையொலி தொடங்குதல் பற்றிச் சில சிந்தனைகள்

எமது சங்கக் கூட்டமொன்றில் மாணவர் சிலர் ஒரு யோசனையை முன்வைத்தனர். ஆண்டிதழ் ஆண்டுக்கொரு முறையே வெளிவருகின்றது. அதனைப் படிப்போர் தொகையும் மட்டுப்பட்டது. ஆதலின் சங்கம் தனக்கென ஒரு வலையொலியைத் தொடங்கலாகாதா என்பதே அவர்தம் வினா. பொட்காஸ்ட் எனப் பரவலாக வழங்கும் இச்சாதனத்தைக் கருத்துரிமையின் வெற்றி என ஒரு சாரார் வரவேற்றனர். பேச்சு மலிந்த சூழலில் மேலும் பேச்சு எதற்கு என மறு சாரார் மறுத்தனர். இவ்விரு நிலைப்பாடுகளும் உண்மையின் ஒவ்வொரு கூற்றையே சுட்டுகின்றன. தொடங்குவதா, விடுவதா என முடிவுசெய்யுமுன் இச்சாதனத்தின் இயல்பினை விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

பொட்காஸ்ட் என்ற சொல் 2004 ஆம் ஆண்டிலே தோன்றியது. 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தனது ஐரியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்ததன் பின்னர் அது வேகமாகப் பரவலாயிற்று. இதன் செயன்முறை எளியது. ஒலிக்கோப்பு இணையத்திலுள்ள சேவையகம் ஒன்றில் வைக்கப்படும். புதிய கோப்பு சேர்ந்தமையை அறிவிக்கும் பட்டியலொன்று உடன் புதுப்பிக்கப்படும். கேட்போரின் செயலி அப்பட்டியலைப் பார்த்துக் கோப்பினைப் பெற்றுக்கொள்ளும். ஒலிபரப்புக் கோபுரமோ அலைவரிசை ஒதுக்கீடோ வேண்டியதில்லை. கேட்கும் நேரத்தையும் கேட்பவரே தெரிவுசெய்கின்றார்.

இவ்விடத்தில் வானொலியை நினைவுகூர்தல் பொருந்தும். 1925 டிசெம்பரில் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமானது. 1967 இல் வானொலி கூட்டுத்தாபனமாயிற்று. இந்நெடிய காலத்தில் யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதை நிலையமே தீர்மானித்தது. அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குரல்கள் பல என்பதை மறுக்கவியலாது. எனினும், அதே வாயிலில் வேறொரு பணியும் நடைபெற்றது. எழுத்துப்படி திருத்தப்பட்டது, உச்சரிப்புக் கவனிக்கப்பட்டது, நேரம் அளக்கப்பட்டது. இலங்கை வானொலியிலும் பின்னர் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்றொரு நூலே எழுதினார். பேசுதல் வேறு, ஒலிபரப்புதல் வேறு என்னும் உணர்வு அத்தலைமுறையினரிடம் இருந்தது.

வலையொலி அவ்வாயிலை நீக்கிவிட்டது. ஆனால் வாயிற்காவலரின் பணியை நீக்கவில்லை. அப்பணி இப்போது பேசுபவரின் தோளில் ஏறியுள்ளது. தன் பேச்சில் எதனை வெட்டுவது, எதனைச் சரிபார்ப்பது, எதனைச் சொல்லாது விடுவது என்பவற்றைத் தானே முடிவுசெய்ய வேண்டும். கருத்துரிமையைப் போற்றுவோர் கவனிக்கத் தவறுவது இதனையே. ஒலிவாங்கி கிடைத்தமையால் மட்டும் ஒருவர் ஒலிபரப்பாளராகிவிடுவதில்லை.

பேச்சு மலிந்துவிட்டது என்போரின் வாதமும் ஆராயத்தக்கது. மலிந்திருப்பது எத்தகைய பேச்சு என்பதே கேள்வி. எமது மொழியில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக விலகி நிற்கின்றன. வானொலிச் செய்தி எழுத்து வழக்கிலேயே ஒலித்தது. சானா எனப் பெயர்பெற்ற சண்முகநாதனின் வானொலி நாடகப் பணியோ யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழைக் கேட்போர் சுவைக்கும் ஒலிவடிவாக்கிற்று. படைப்பிலக்கியத்திற் பேச்சு வழக்கு இடம்பெறலாமா என்பது பற்றி 1960களின் முற்பகுதியில் இங்கு நிகழ்ந்த மரபுப் போராட்டம் யாவரும் அறிந்ததே. அப்போராட்டம் அச்செழுத்தின் எல்லைக்குள் நடந்தது. மட்டக்களப்பாரின் இழுவையையோ, மன்னார் மீனவரின் சொல்லழுத்தத்தையோ, மலையகத்து மூதாட்டி கதை சொல்லும்போது இடையில் விடும் மௌனத்தையோ எவ்வெழுத்தும் முழுமையாகக் காட்டவியலாது. இத்தகைய பேச்சு எமது ஒலிப்பதிவுகளில் மலிந்துவிட்டது என யாரும் கூறத் துணியார்.

ஆகவே, உள்ளடக்கத்துக்கு ஏற்ற உருவம் எது என்ற பழைய திறனாய்வு வினாவே இங்கும் எழுகின்றது. ஆண்டிதழ்க் கட்டுரைகளை ஒலிவாங்கியின் முன் வாசிப்பதே நோக்கமெனின் வலையொலி வேண்டியதில்லை. கட்டுரை கண்ணுக்கென அமைந்தது. விளங்காத வாக்கியத்துக்குக் கண் மீண்டு வரும். செவி அவ்வாறு எளிதில் மீள்வதில்லை. அண்ணாவியார் ஒருவர் கூத்துத் தருவொன்றைப் பாடிக்காட்டி அதன் ஆட்டத்தை விளக்குவதே உள்ளடக்கமெனின், அதற்கு அச்சிதழ் போதாது. கட்புலன் குறைந்த மாணவருக்கும், கைவேலையில் ஈடுபட்டிருப்போருக்கும் குரலே எளிதில் எட்டும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

செலவையும் மறத்தலாகாது. பேச்சுக்குப் போதிய 64 கிலோபிற் தரத்தில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 29 மெகாபைற் அளவினது. காணொளியோடு ஒப்பிடின் இது சிறிதே. ஆயின் பெருஞ்செலவு பணத்திலன்று, உழைப்பிலேயே உள்ளது. பதிவுசெய்தல், வெட்டியொட்டல், பேசியவரின் சம்மதம் பெறல், எழுத்துப்படி தயாரித்தல் என்பன ஒவ்வொரு முறையும் செய்யப்படல் வேண்டும். எழுத்துப்படி இல்லாத ஒலியிற் குறித்தவொரு செய்தியைத் தேடிக் கண்டெடுத்தல் கடினம். செவிப்புலன் குறைந்தோருக்கு அது முற்றாக மூடப்பட்டது. பரீட்சைக் காலத்தில் மாணவர் கலைந்துபோவர். அடுத்த ஆண்டுச் செயற்குழு வேறாக இருக்கும். தொடங்கிய வேகத்தில் நின்றுபோன சஞ்சிகைகளை ஈழத்து இலக்கிய வரலாறு நிறையவே கண்டுள்ளது. வலையொலி அவ்வரலாற்றுக்கு விலக்காகும் எனக் கொள்ளக் காரணமில்லை.

எமது நிலைப்பாடு வருமாறு. முடிவின்றித் தொடரும் வலையொலியைச் சங்கம் அறிவித்தலாகாது. ஆறு பதிவுகளைக் கொண்ட ஒரு தொடரை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். ஆறும் குரலாலன்றி உணர்த்தவியலாத பொருள்களாக அமைதல் வேண்டும். ஆறும் பதிந்து, எழுத்துப்படியும் முடிந்த பின்னரே முதலாவதை வெளியிடல் வேண்டும். மூன்றாவது பதிவுக்கு முன்னரே ஆர்வம் வற்றிவிடின், அதுவே வினாவுக்கு விடையாகும். அவ்வாறு பின்வாங்குதல் இழுக்கன்று.

ஒன்றை மட்டும் ஈற்றில் வலியுறுத்தலாம். கட்டுரையை அடுத்த ஆண்டும் எழுதலாம். எண்பது வயதைக் கடந்த அண்ணாவியாரின் குரலோ அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வலையொலி தொடங்குவதா என்ற விவாதம் நீளலாம். அக்குரலைப் பதிந்துவைத்தல் அவ்விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருத்தலாகாது.