பிறப்பைக் குற்றமாக்கிய சட்டமும் அதை ஆராய்ந்தோரும்

குற்றத்தின் காரணங்களையும் அதற்குச் சமூகம் ஆற்றும் எதிர்வினையையும் ஆராயும் துறையான குற்றவியல், சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை காவல்துறையினரின் கையேடுகளிலிருந்தே தொடங்குகிறது. காவல் அதிகாரி பிரெடரிக் முல்லாலி 1892இல் வெளியிட்ட நூல், சில சாதிகளின் வாழ்முறையையும் களவு முறையையும் ஒருசேர விவரித்ததால், களவு ஒரு குலத்தொழில் என்னும் எண்ணம் அறிவின் தோற்றத்தைப் பெற்றது. குற்றவாளியை உடற்கூற்றால் அடையாளம் காணலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் எழுதுவதற்கு ஐந்தாண்டு முன்பே, வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது கருதத்தக்கது. கோட்பாட்டுக்குக் காத்திராமலே ஆட்சி தன் முடிவை எடுத்திருந்தது.

1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், எக்குற்றமும் செய்யாதவராயினும், கைரேகை பதிந்து, குறித்த வேளையில் காவலர் முன் தம் இருப்பைக் காட்ட நேரிட்டது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை பதிய மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர்கள்மீது காவலர் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைவருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பிற்கால ஆய்வாளர்கள் கேள்வியின் திசையையே மாற்றினர். கள்ளர் பற்றிய கருத்தை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் மறுபரிசீலனை செய்தார். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் நூலில் குறவர் வரலாற்றை ஆராய்ந்தார். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குச் சுமந்து சென்று தானியத்துக்கு மாற்றி வந்த குறவர்களின் வாணிகம், அரசின் உப்புக் கொள்கையாலும் இருப்புப்பாதையின் வரவாலும் நொடித்தது என்றும், பிழைப்பிழந்து அலைந்தவர்களின் அலைச்சலே அவர்கள்மீதான ஐயத்துக்குச் சான்றாக்கப்பட்டது என்றும் அவர் காட்டுவது, இத்துறையில் எழுந்த மிக வலுவான வாதங்களுள் ஒன்றாகும். ஊர்க்காவலுக்காகக் கள்ளர் பெற்றுவந்த காவல் கூலியும், 1859இல் மாகாணத்துக்குப் புதிய காவல்துறை அமைந்தபின், மிரட்டிப் பறிக்கும் பணமாகவே அதிகாரிகளுக்குத் தோன்றியது.

ஒரு செயலைக் குற்றமாக்குவது அச்செயலின் இயல்பைவிடச் சமூகம் அதற்குச் சூட்டும் பெயரே எனக் கூறுவது முத்திரையிடல் கோட்பாடு. அமெரிக்கரான ஹோவர்ட் பெக்கர் 1963இல் இதனை விரித்துரைத்தார். தனிமனிதர் மீதான முத்திரையையே அவர் பெரிதும் ஆராய்ந்தார்; இங்கோ கருவிலிருக்கும் குழந்தைக்கும் முத்திரை காத்திருந்தது என்பதால், அக்கோட்பாடு தமிழ்ச் சூழலில் இன்னும் ஆழமாக எழுதப்பட வேண்டியுள்ளது.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட, பட்டியலிலிருந்து விடுபட்டோர் சீர்மரபினர் எனப்பட்டனர். எனினும் வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் பல மாநிலங்களில் அதன் இடத்தைப் பிடித்தன. சிறைக் கையேடுகள் சில, இச்சமூகத்தினரைப் பிறப்பால் குற்றவழக்கம் உடையோராகவே தொடர்ந்து கருதியதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அரசமைப்புக்கு முரணானது என அறிவித்தது.