ஐம்பது டாலர் சண்டை

1947 நவம்பர் 14 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜேக் லமோட்டா என்ற குத்துச்சண்டைக்காரர் பில்லி ஃபாக்ஸிடம் நான்காவது ரவுண்டில் தோற்றார். லமோட்டா லேசில் விழுகிற ஆள் இல்லை. அன்றும் விழவில்லை, கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டே நின்றார், நடுவர் சண்டையை நிறுத்தினார். பார்த்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காயத்தை மறைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார் என்று சொல்லி ஆயிரம் டாலர் அபராதமும் ஏழு மாதத் தடையும் போட்டு விவகாரத்தை மூடினார்கள். உண்மை வெளிவர 1960 ஆனது. குத்துச்சண்டை ஊழலை விசாரித்த செனட்டர் கீஃபாவரின் துணைக்குழு முன் லமோட்டாவே ஒப்புக்கொண்டார்: வேண்டுமென்றேதான் தோற்றேன், பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு வேண்டியிருந்தது. அந்த வாய்ப்புக்காக மேற்கொண்டு 20,000 டாலரும் கொடுத்தாராம். ஃபாக்ஸின் மேனேஜர் பிளிங்கி பலெர்மோ. பலெர்மோவுக்குப் பின்னால் இருந்தவர் ஃபிராங்கி கார்போ, கொலைக்கும்பல்களோடு பழகி வளர்ந்தவர். எந்தப் பதவியிலும் இல்லாமலே அந்தக் காலத்துக் குத்துச்சண்டையை ஆட்டிவைத்தவர்.

அதே நவம்பரில் நியூயார்க் திரையரங்கில் 'பாடி அண்ட் சோல்' ஓடிக்கொண்டிருந்தது. பட்டம் வென்றவன் ஒருவன் பணத்துக்காகத் தோற்க ஒப்புக்கொள்ளும் கதை. பத்திரிகைகள் பூசி மெழுகியதைச் சினிமா போட்டு உடைத்தது.

நாற்பதுகளின் மத்தியில் தொடங்கி ஐம்பதுகளின் நடுவரை ஹாலிவுட்டில் வந்த குத்துச்சண்டைப் படங்களை 'நுவார்' என்ற பெயரில் அடுக்கும்போது விமர்சகர்கள் பெரும்பாலும் நிழலையும் புகையையும் ஈரத் தெருவையும் பற்றிப் பேசுகிறார்கள். அவையெல்லாம் உண்டுதான். ஆனால் இந்தப் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது வேறு: கணக்கு. யாருக்கு எத்தனை சதவீதம், யார் யாருக்குக் கடன், முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு. குத்து விழுவது மேடையில். ஆளைச் சாய்ப்பது பேரேடு.

'பாடி அண்ட் சோல்' இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சார்லி டேவிஸ் ஏழை யூதக் குடும்பத்துப் பையன். மிட்டாய்க்கடை வைத்திருந்த அப்பா, பக்கத்துச் சாராயக்கடைக்கு வைத்த குண்டில் சாகிறார். அம்மா நிவாரண உதவிக்கு மனுப்போட, வீட்டுக்கு வந்த அதிகாரி கேட்கும் கேள்விகளில் பையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. சண்டை போட்டாவது சம்பாதிக்கிறேன் என்று கிளம்புகிறான். ராபர்ட்ஸ் என்ற புரமோட்டர் அவனை வாங்குகிறார். ஆமாம், வாங்குகிறார், ஒப்பந்தத்தின் பொருள் அதுதான். முந்தைய சாம்பியன் பென், ஒரு கறுப்பர், மூளையில் ரத்தம் உறைந்த நிலையில் சார்லியோடு மோதவைக்கப்படுகிறார். எதிராளி மெதுவாக அடிப்பான் என்று பென்னிடம் சொன்ன ராபர்ட்ஸ், அதைச் சார்லியிடம் சொல்லவே இல்லை. பென்னாக நடித்த கனடா லீ உண்மையிலேயே முன்னாள் குத்துச்சண்டைக்காரர். அந்த உடம்பில் இருக்கும் களைப்பு எந்த நடிப்புப் பள்ளியிலும் கிடைக்காது.

ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோ கையில் கேமராவோடு ரோலர் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு மேடைக்குள் இறங்கினார் என்பது பாடப்புத்தகச் செய்தி ஆகிவிட்டது. படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மளிகைக்காரர் ஒருவர் வரும் சின்னக் காட்சி. ஐரோப்பாவில் நம் ஆட்களைக் கொல்கிறார்கள், இங்கே நீ ஜெயித்து நிற்கிறாய், தெருவே உன் மேல் பந்தயம் கட்டியிருக்கிறது என்று பெருமையோடு சொல்கிறார். சார்லியோ தான் தோற்பதற்கு ஏற்கெனவே 60,000 டாலர் பேசி முடித்தவன். தெருக்காரர்களின் சில்லறைக் காசு யார் பைக்குப் போகப்போகிறது என்பது அந்த அறையில் அவனுக்கு மட்டும் தெரியும்.

கதாசிரியர் ஆப்ரகாம் பொலான்ஸ்கி இடதுசாரி. இயக்குநர் ராபர்ட் ராசனும் அப்படியே. ராசன் நாயகனைச் சுட்டுக் குப்பைத்தொட்டிக்குள் சாய்த்து முடிக்க நினைத்தார், பொலான்ஸ்கி எதிர்த்தார், அவர் எழுதிய முடிவே நின்றது. இருவரையும் சில வருடங்களில், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கை விசாரணைக் குழு கூண்டில் ஏற்றியது. பொலான்ஸ்கி பெயர் சொல்ல மறுத்தார். அடுத்து அவர் பெயரோடு ஒரு படம் இயக்க 1969 வரை காத்திருந்தார். ராசன் 1953இல் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயரைக் கொடுத்தார். நாயகன் ஜான் கார்ஃபீல்டு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வாய்ப்புகள் வற்றின, 1952 மே மாதம் 39 வயதில் மாரடைப்பில் இறந்தார். கறுப்புப் பட்டியலில் சிக்கிய கனடா லீ அதே மாதம் சற்று முன்னதாகவே போய்விட்டிருந்தார். தோற்றுப் போ, பிழைத்துக்கொள்வாய் என்ற பேரம் திரையோடு முடியவில்லை.

இந்த வரிசையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் 'தி செட் அப்' படத்தைத்தான் சொல்வேன். 1949, இயக்கம் ராபர்ட் வைஸ், நீளம் 72 நிமிடம். கதை நடக்கும் நேரமும் அதுவே. தெருக் கடிகாரம் இரவு 9:05 காட்டும்போது தொடங்குகிறது. 35 வயது ஸ்டோக்கர் தாம்சன், ஒரு குத்து விட்டால் போதும் பெரிய இடத்துக்குப் போய்விடலாம் என்று இன்னும் நம்புகிறவன். மேனேஜர் டைனிக்கு அந்த நம்பிக்கை போய் எவ்வளவோ காலம். இரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு ஸ்டோக்கர் விழவேண்டும் என்று பேசி ஐம்பது டாலர் வாங்கிக்கொள்கிறான். ஸ்டோக்கரிடம் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? எப்படியும் தோற்கப்போகிறவன்தானே, சொன்னால் பங்கு கேட்பான். இந்த வகைப் படங்கள் அத்தனையிலும் இதைவிடக் கொடுமையான அவமானத்தை நான் பார்த்ததில்லை. ஊழலில் பங்கெடுக்கும் தகுதிகூட அவனுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஸ்டோக்கராக நடித்த ராபர்ட் ரயன் கல்லூரிக் காலத்தில் குத்துச்சண்டை சாம்பியன். கை எப்போது தாழ்கிறது, கால் எப்போது கனக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான்கு ரவுண்டுச் சண்டையை மூன்று கேமராக்களில் எடுத்தார்கள். ஆனால் வைஸ் அடிக்கடி திரும்புவது கூட்டத்தின் பக்கம். கண் தெரியாத ஒருவர், பக்கத்து ஆள் வர்ணிப்பதைக் கேட்டுக்கொண்டே அடி, அடி என்று துடிக்கிறார். ஒருத்தர் காதில் ரேடியோவை வைத்துப் பேஸ்பால் கேட்டபடியே இதையும் பார்க்கிறார். பருத்த ஆள் ஒருவர் தின்பதை நிறுத்துவதே இல்லை. ஒவ்வொரு முறை கேமரா வரும்போதும் கையில் வேறு பண்டம். பார்க்கவே பயம் என்று கண்ணை மூடிய பெண்மணி சற்று நேரத்தில் ரத்தம் கேட்டு அலறுகிறார். இந்தக் கூட்டத்தில் யாரும் வில்லன் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள், அவ்வளவுதான். அந்த டிக்கெட் காசிலிருந்துதான் எல்லாரும் பங்கு பிரிக்கிறார்கள். மனைவி ஜூலி மட்டும் உள்ளே வரவில்லை. தெருத்தெருவாக அலைந்து பாலத்தின் மேல் நின்று தன் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறாள்.

படத்தில் ஒரு பெரிய குறை உண்டு. மூலம் ஜோசப் மான்கியூர் மார்ச் என்பவர் 1928இல் எழுதிய நெடுங்கவிதை. அதன் நாயகன் கறுப்பர். ஸ்டுடியோ அவரை வெள்ளையராக்கிவிட்டது. உடைமாற்றும் அறையில் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் நடித்த கறுப்பு இளைஞன் ஒருவன் நம்பிக்கையோடு வந்துபோகிறான், கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. மூலத்தில் இருந்த இன்னொரு கணக்கு, நிறத்தின் கணக்கு, அப்படியே அழிந்தது.

அதே வருடம் வந்த 'சாம்பியன்' கிர்க் டக்ளஸை நட்சத்திரமாக்கியது. ரிங் லார்ட்னரின் கதை. இதில் கெட்டவன் நாயகனேதான், தம்பியையும் மேனேஜரையும் பெண்களையும் மிதித்துக்கொண்டு ஏறுகிறவன். விறுவிறுப்பான படம். ஆனால் ஒருவன் கெட்டவன் என்று காட்டிவிட்டால் தொழில் தப்பித்துக்கொள்கிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'கில்லர்ஸ் கிஸ்' (1955) ஊரைப் பார்க்கத் தந்த கவனத்தைக் குத்துச்சண்டைக்குத் தரவில்லை. 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' (1954) துறைமுகப் படம் என்றாலும் அதன் காயம் குத்துச்சண்டை மேடையில் பட்டது: அண்ணனே தம்பியைத் தோற்கச் சொன்ன பழைய இரவு. அதை எழுதிய பட் ஷுல்பெர்க்கும் இயக்கிய எலியா கசானும் விசாரணைக் குழுவிடம் பெயர் சொன்னவர்கள். காட்டிக்கொடுப்பது அங்கே வீரம் ஆனதில் ஆச்சரியமில்லை.

ஷுல்பெர்க்கின் நாவல்தான் 1956இல் 'தி ஹார்டர் தே ஃபால்' ஆனது. ஹம்ஃப்ரி போகார்ட்டின் கடைசிப் படம். வேலை போன விளையாட்டு நிருபராக வருகிறார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த டோரோ மொரேனோ என்ற ராட்சத உருவத்தை, குத்தவே தெரியாதவனை, பேசிவைத்த சண்டைகளில் ஜெயிக்கவைத்து வீரனாக எழுதுவது அவர் வேலை. மாதிரி யார் என்று எல்லோருக்கும் தெரியும்: சர்க்கஸில் பலசாலியாக இருந்து, தாதாக்கள் கையில் சிக்கி, 1933இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய இத்தாலியர் பிரிமோ கார்னேரா. அடுத்த வருடமே மாக்ஸ் பேயர் அவரைப் பதினொரு முறை தரையில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். கார்னேராவோடு மோதி இறந்த எர்னி ஷாஃப், அதற்கு முன்பே பேயரிடம் மோசமாக அடிபட்டவர். படத்திலும் ஒருவன் டோரோவிடம் அடிபட்டுச் சாகிறான். உண்மையில் அவனை முடித்தது நான்தான் என்று பீற்றிக்கொள்ளும் சாம்பியன் வேடத்தில் நடித்திருப்பது அதே மாக்ஸ் பேயர். எப்படி ஒப்புக்கொண்டார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

உருக்குலைந்து கிடக்கும் டோரோவுக்குச் சேரவேண்டியதை வாங்க போகார்ட் போகிறார். கணக்காளர் நிதானமாகத் தாளைப் பார்த்து வாசிக்கிறார். பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலான சண்டை. பயிற்சிச் செலவு, விளம்பரம், மேனேஜர் பங்கு, இன்னும் என்னென்னவோ. கழித்துக் கழித்து மிஞ்சியது 49 டாலர் 7 சென்ட். குரலில் எகத்தாளம் இல்லை, வன்மம் இல்லை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்ற திருப்தி மட்டும். புரமோட்டராக வரும் ராட் ஸ்டைகர் படம் முழுக்கப் போடும் கூச்சலைவிட இந்த நிதானம் பயங்கரமானது. போகார்ட் தன் பங்கான 26,000 டாலரை டோரோவிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு டைப்ரைட்டர் முன் உட்காருகிறார். இந்த முடிவு இரண்டு விதமாக உண்டு: ஒன்றில் குத்துச்சண்டையையே தடைசெய்யச் சொல்கிறார், மற்றதில் விசாரணை கேட்கிறார். இரண்டும் சப்பென்றுதான் இருக்கின்றன. கணக்காளர் வாசித்து முடித்த இடத்திலேயே படம் முடிந்துவிட்டது.

விசாரணை பிறகு வந்தது. 1961இல் மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் கார்போவுக்கு 25 வருடமும் பலெர்மோவுக்கு 15 வருடமும் சிறை. கார்னேராவோ அதற்கு முன்பே, தன் கதையைப் படமாக்கி மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று கொலம்பியா நிறுவனத்தின் மேல் 15 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அதிலும் தோற்றார். 49 டாலர்கூடத் தேறவில்லை.