மேஜிக் லான்டர்ன்: ஒரு மதிப்பீடு
மின்னணுக் கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) எனப்படும். கேனான் கேமராக்களுக்காக, அந்நிறுவனத்தைச் சாராத டிராமெல் ஹட்சன் 2009 இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் மேஜிக் லான்டர்ன். இது நினைவக அட்டையிலிருந்து இயங்குகிறது. கேனானின் நிலைப்பொருளை அழிப்பதில்லை.

5டி மார்க் 2 கேமராவில் நிகழ்படத்தின் ஒலி அளவைக் கையால் கட்டுப்படுத்த முதலில் வழியில்லை. மேஜிக் லான்டர்ன் அவ்வசதியைத் தந்தது. 2010 மார்ச்சில் கேனானும் அதை அளித்தது. கேமராவால் முடிந்ததற்கும் நிறுவனம் அனுமதித்ததற்கும் இடைவெளி உண்டு என்பதை இது காட்டுகிறது. இம்மென்பொருளின் பெரும் பயன் இதுவே.

குறைகளும் சிறியவை அல்ல. 2013 இல் 5டி மார்க் 3 கேமராவுக்கு வந்த மூலவடிவ (ரா) நிகழ்படப் பதிவு விநாடிக்கு 80 மெகாபைட்டுக்கு மேல் எழுதுகிறது. 32 ஜிபி அட்டை ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் நிறைந்துவிடும். அட்டை மெதுவானதாக இருந்தால் பதிவு நடுவில் நின்றுவிடும். அட்டையிலுள்ள கோப்புகளை முறையின்றி அழித்தால் கேமரா இயங்காமல் உறைந்துபோகலாம். சேதம் ஏற்பட்டால் மென்பொருளை எழுதியவர்கள் பொறுப்பேற்பதில்லை, உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும்.

ஆகவே, எல்லோருக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது. குறும்படம் எடுக்கும் மாணவர் தடைபட்ட காட்சியை மீண்டும் எடுக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டி போன்ற ஊரில் ஒரே கேமராவை நம்பித் திருமணப் படம் எடுப்பவருக்கு முகூர்த்தம் மறுபடி வராது. அவர் இதைப் பழைய கேமராவில் பழகிப் பார்ப்பதே நல்லது.