மோதலில் எழுவாய் எங்கே?

எங்க பெரியய்யாவுக்குக் கண்ணில் புரை. பேப்பரை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கீழப்பாவூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒருநாள், 'இரு சமூகத்தினரிடையே மோதல்; நான்கு பேருக்கு வெட்டு' என்று வாசித்தேன்.

"வெட்டுப்பட்ட நாலு பேரும் எந்தத் தெருடே?"

"நம்ம ஆளுகதான் பெரியய்யா."

"அந்தப் பக்கம் எத்தன பேருக்குக் காயம்?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"பொறவு என்னடே மோதல்? மோதல்னா ரெண்டு பேரும் கைய ஓங்கணும்லா?"

எம்.ஏ. தமிழில் நன்னூலும் தொல்காப்பியமும் படித்து மார்க் வாங்கியவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

'லாரி சுவரில் மோதியது' என்றால் குற்றம் லாரியுடையது. 'லாரியும் பஸ்சும் மோதிக்கொண்டன' என்றால் இரண்டுக்கும் பங்கு. 'கொள்' என்கிற துணைவினை வந்து ஒட்டியதும் பழி சரிபாதியாகிவிடுகிறது. 'அடித்தார்கள்' வேறு, 'அடித்துக்கொண்டார்கள்' வேறு. ஆனால் செய்தித்தாள்கள் அந்தத் துணைவினையைக்கூடப் பயன்படுத்துவதில்லை. வினைமுற்றையே விட்டுவிட்டு 'மோதல்' என்ற தொழிற்பெயரை எடுத்துக்கொள்கின்றன. வினைமுற்று வந்தால் செய்தவன் யார், ஒருவனா பலரா என்று காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்பெயருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அது செயலை மட்டும் சொல்லும், ஆளைச் சொல்லாது.

'சாதி மோதல்' இன்னும் சௌகரியம். சாதியால் மோதலா, சாதிக்காக மோதலா, சாதியும் சாதியும் மோதலா? உருபைத் தொகையாக்கி மறைத்தாகிவிட்டது. விரித்துச் சொல் என்றால் எந்த நிருபரும் விரிக்கமாட்டார்.

ஆங்கிலத்துக்காரன் சொல்லாத சொல்லா என்று கேட்கலாம். உண்மைதான், நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் 'கிளாஷ்' என்று எழுதுவதைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் நிறைய. 'ராம்' என்றால் வேண்டுமென்றே ஓட்டிவந்து இடிப்பது. 'கிராஷ்' என்றால் போய் மோதி நொறுங்குவது. 'கொலைட்' பற்றி அமெரிக்கச் செய்தி ஆசிரியர்கள் தங்கள் நிருபர்களுக்குச் சொல்லிவந்த பழைய விதி ஒன்று உண்டு. இரண்டு பொருளும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் அந்தச் சொல்லைப் போட வேண்டும். நின்ற மரத்தில் கார் இடித்தால் 'கொலைட்' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் மரம் எங்கும் போகவில்லை. அங்கே ஒரு மரத்துக்குக் கிடைக்கிற நியாயம் இங்கே ஒரு சேரிக்குக் கிடைக்கவில்லை.

நம் இலக்கணத்திலும் இந்த வேறுபாடு இல்லாமல் இல்லை. இரு வேந்தர் தம் வலிமையைக் காட்டவென்றே எதிரெதிர் வந்து பொருவது தும்பை. அதை மோதல் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவன் புலத்துக்குள் போய் ஆநிரை கவர்வது வெட்சி. அந்த வெட்சிக்குத் தொல்காப்பியர் சொல்கிற துறைகளில் ஒன்றின் பெயர் 'ஊர்கொலை'. சுற்றி வளைத்த ஊரை அழிப்பது. அதை அவர் வீரமாகத்தான் வைக்கிறார், எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனாலும் தும்பையையும் ஊர்கொலையையும் அவர் ஒரே பெயரால் அழைக்கவில்லை. நம் பத்திரிகைத் தமிழ் அழைக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இன்றும் சில புத்தகங்களில் அது கூலித் தகராறில் நடந்த 'மோதல்'. 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் போலீஸ் படை புகுந்து வீடுவீடாக உடைத்தது. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். செத்தவர்கள் 17 பேர். தடியும் துப்பாக்கியும் ஒரு பக்கம், மறுபக்கம் ஆறு. இதில் எது எதோடு மோதியது?

2012 நவம்பர் 7-இல் தருமபுரி நத்தம் காலனியையும் பக்கத்துக் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். அங்கே எரிந்த வீடுகள் எல்லாம் ஒரே பக்கத்து வீடுகள்.

அண்மையில் நம் பக்கத்து நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குமுன் அவன் செய்தது, பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை ஆசிரியர்களிடம் சொன்னது. நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்து மேடைகளில் 'மாணவர்களிடையே மோதல் போக்கு' என்றே பேசுகிறார்கள். கேட்கிறவனுக்கு ஏதோ கிரிக்கெட் மைதானத்துச் சண்டை மாதிரி இருக்கும். ஒருத்தன் தன் வீட்டில் இருக்கிறான், இன்னொருத்தன் அரிவாளோடு வாசலில் நிற்கிறான். எந்த அகராதியில் இதற்கு மோதல் என்று பேர்?

தோழர்கள் கோபிக்கக் கூடாது, நாமும் இதில் சுத்தமில்லை. நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், 'கொடியங்குளம் கலவரம்' என்று நாமே அச்சடித்திருக்கிறோம். கலவரம் என்றால் யாரோ கலைந்தார்கள், எல்லாரும் கலங்கினார்கள் என்கிற மாதிரி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் நம் பையன்கள் திருப்பி அடித்த இடங்கள் உண்டு. அதை மோதல் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். திருப்பி அடித்ததற்கும் அடிபட்டதற்கும் ஒரே சொல்லைப் போடுவதுதான் என் வழக்கு.

எழுத்தறியாத நம் சனம் இதில் தெளிவு. எங்க தெருவில் யாரும் 'மோதல்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஊருக்குள்ள பூந்து அடிச்சானுவ', 'வெட்டிப் போட்டுட்டானுவ', 'கொளுத்துனானுவ'. ஒவ்வொன்றிலும் எழுவாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அந்த 'னுவ' விகுதியில். திருப்பி அடித்திருந்தால் அதையும் 'நாங்களும் ரெண்டு போட்டோம்' என்று ஒளிக்காமல் சொல்லுவார்கள்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால், அடிபட்ட ஒரு பையனுக்காக நான் புகார் மனு எழுதிக்கொண்டு போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். 'சாதியைச் சொல்லித் திட்டி, கம்பால் அடித்தார்கள்' என்று எழுதியிருந்தேன். ரைட்டர் வாசித்துவிட்டு, "தமிழ் எம்.ஏ.வா? நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து வேறு எழுதினார்: 'இரு தரப்பினருக்கும் வாய்த்தகராறு முற்றி கைகலப்பானதில்'. ஒரு வரிதான். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தால், 1995 விதிகளின்படி டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், நிவாரணம் கொடுக்க வேண்டும். 'கைகலப்பு' என்றால் அதெல்லாம் இல்லை. கூடவே எதிர்த் தரப்பு ஒரு புகார் கொடுக்கக் கதவும் திறந்தாகிவிட்டது. கொடுத்தார்கள். கையில் கட்டுப்போட்டிருந்த பையன் அந்த வழக்கில் முதல் எதிரி.

இதைப் பெரியய்யாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த ரைட்டரு என்ன படிச்சிருப்பாருடே?" என்று கேட்டார்.