மெல்லடிப் பாட்டு

வாத்தியமின்றிப் பாடுவது சங்கீதமாகாதென்போர் நம்மவரிலும் உண்டு. அன்னார் தென்னாப்பிரிக்காவின் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவினரின் பாட்டைக் கேட்டல் வேண்டும். அங்கே மத்தளமில்லை, சுருதிப்பெட்டியில்லை. மனிதக் குரலே அனைத்துமாம்.

நம்மவர் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நேட்டாலில் உள்ளது லேடிஸ்மித். அவ்வூராராகிய ஜோசப் ஷபலாலா 1960-ல் இக்குழுவை அமைத்தார். 'பிளாக்' என்பது வலிமிக்க கறுப்பு எருதையும், 'மம்பாசோ' என்பது ஜூலு மொழியில் கோடரியையும் குறிக்கும். போட்டியாளரை வெட்டி வீழ்த்துவோமென்பது கருத்து.

இவர்கள் பாடும் 'இசிகதமியா' அரண்மனையில் பிறந்ததன்று. மனைவி மக்களைப் பிரிந்து சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த ஜூலு ஆடவர் தங்கள் விடுதிகளில் வளர்த்தது. காவலர் செவிக்கு எட்டாதபடி நுனிக்காலில் ஆடியதால் மெல்லடி வைத்தலென்னும் பொருளில் அப்பெயர் வந்ததென்பர். தலைவர் தனிக்குரலில் மெல்ல அழைக்கிறார்; அடித்தொண்டைக் குரலினர் பலர் ஒன்றுபட்டு விடையிறுக்கின்றனர். பல பாட்டுகள் ஒரே நடையினவாதலின் தொடர்ந்து கேட்பார்க்குச் சிறிது சலிப்புத் தோன்றலாம், அஃதொரு குறையே.

1986-ல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லாண்ட்' இசைத்தட்டில் பாடிய பின்னரே உலகம் இவர்களை அறிந்தது. 1988-ல் 'ஷாகா ஜூலு' தட்டுக்குக் கிராமி பரிசும் கிடைத்தது. ஆகவே சைமனே இவர்களை ஆக்கினாரென்று சிலர் பேசுகின்றனர். நாம் இதனை ஒப்போம். அதற்கு முன் 26 ஆண்டு உழைப்பு நிற்கின்றது. விளம்பரம் அவருடையது, வித்தை இவர்களுடையது.

ஷபலாலா 2020-ல் மறைந்தார், பாட்டு மறையவில்லை. லயத்துப் பாட்டைக் கூலிப்பாட்டென்று இகழும் நம் தோழர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.