மேகம் மறைத்த நாட்கள்

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றுவார்கள். தூண் பாறையைப் பார்ப்பார்கள். சாக்லேட் வாங்கிக்கொண்டு மலை இறங்குவார்கள். அங்கே உள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்ப்பவர்கள் சிலரே. நானும் மூன்று தடவை போய்விட்டு, நான்காவது தடவைதான் அதற்குள் நுழைந்தேன். அன்று பார்த்து ஒரே மூடுபனி. சூரியனைக் காட்ட இயலாது என்றார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, கணினியில்தான் அந்த நிலையத்துச் சூரியனைக் கண்டேன். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான சூரியன்கள்!

1904 முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தட்டு, பின்னால் பிலிம். கண்ணாடி உடையும், மேற்பூச்சு கெடும். ஆகவே, நிலையத்தை நடத்தும் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார், தட்டுக்குப் பின்னாலிருந்து சீரான ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொன்றையும் நுண்ணிய காமிராவால் டிஜிட்டல் படியாக மாற்றினார்கள். பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுரப் படங்கள் அவை. இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

ஒரு நூலை மதிப்பிடுவதுபோல இந்தக் களஞ்சியத்தை மதிப்பிட்டால், முதலில் பாராட்டத்தான் வேண்டும். திருத்தாத மூலப் படியையும், கீறலும் ஒளிக் குறையும் நீக்கிய படியையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பதிப்பாசிரியனுக்கு வேண்டிய முதல் ஒழுக்கம் அதுதான். நூறு வருஷத்துக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை ஒரே வரிசையில் அளக்க இதனால் முடிகிறது. படம் எடுத்தவர்கள் நினைத்தும் பார்த்திராத கேள்விகளுக்கு அவர்களுடைய தட்டுகள் இன்று பதில் சொல்கின்றன.

ஆனால் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விடும். இந்த நிலையம் எதற்காகப் பிறந்தது என்பதுதான் அது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று அக்காலத்து அறிஞர் சிலர் நம்பினார்கள். மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிந்தால் பஞ்சத்துக்குத் தயாராகலாம் அல்லவா? அந்த எண்ணமும் சேர்ந்துதான் சூரியனை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்ற யோசனை எழுந்தது. 1899-இல் கோடைக்கானலில் அது அமைந்தது. 1909-இல், கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் அங்கேதான் கண்டுபிடித்தார். உலகப் புகழ் கிடைத்தது. சூரியனைப் பார்த்து மழையைச் சொல்லும் வித்தை மட்டும் கைகூடவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு களஞ்சியத்தைப் புரட்டுங்கள். இடையிடையே படமே இல்லாத நாட்கள் வரும். அவற்றில் பல மேகம் மூடிய நாட்கள். விஞ்ஞானிக்கு அது நஷ்டம். இல்லாத படத்தை ஊகித்து வரைந்து தரும் கணினி நிரல்களும் இப்போது வந்துவிட்டன. நாளைக்கு யாராவது இந்த இடைவெளிகளை அழகாக நிரப்பிவிட்டால், பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

இங்கேதான் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவு வருகிறது. 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268 ஆம் பாட்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஏடு சிதைந்து அடிகள் அறுந்த பாட்டுகளும் பல. அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடங்களைத் தாமே எழுதி நிரப்பியிருக்கலாம். செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே விட்டார். அதனால்தான் அவர் தந்த மற்ற வரிகளை நாம் நம்புகிறோம். வெற்றிடத்தை மறைத்த பதிப்பில், இருப்பதன் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

கோடைக்கானலின் வெற்று நாட்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மழையைத் தேடித்தான் சூரியனைப் பார்க்கத் தொடங்கினார்கள். மேகம் வந்த நாளில் சூரியன் தெரியவில்லை. அதே வளாகத்தில் மழையையும் காற்றையும் பற்றி வானிலைக் குறிப்புகளும் எழுதி வந்திருக்கிறார்கள். வெற்று நாளைத் தொட்டால், அன்றைய வானிலைக் குறிப்பு திறக்கும்படி செய்தால் என்ன? அதைத் தமிழிலும் போட்டால், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் படிப்பான்.

இது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல என்பது என் அபிப்பிராயம். தட்டுகளைக் காப்பாற்றியவர்கள் பெரிய வேலையை முடித்துவிட்டார்கள். அந்த வெற்று நாட்களையும் அவர்கள் காப்பாற்ற வேண்டும். தாது வருஷத்தில் இதே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மேகம் மூடிய ஒரு நாள் வெற்று நாளாகத் தோன்றியிருக்காது.